தக்காளி நாற்றைப் பெரிய சட்டிக்கு மாற்றுவது: வெயில் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் தக்காளியை முளைக்க வைப்பது பெரிய காரியமில்லை. விதையைப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் தலையை நீட்டிவிடும். சிக்கல் அப்புறம்தான். நன்றாக நின்ற நாற்றைப் பெரிய சட்டிக்கு மாற்றுகிறோம். பத்து நாளில் செடி சாய்ந்துவிடுகிறது. ‘எனக்குக் கை ராசியில்லை’ என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோட்டத்து லயத்தில் இருந்தவரை வீட்டுக்குப் பின்னால் மண் இருந்தது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு சிமெண்டுத் தரையும் நாலு சட்டியும்தான். வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காணொளிகளில் பாதி தமிழ்நாட்டு மொட்டைமாடிக்கு எடுத்தவை, மீதி குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்தவை. நம் பிற்பகல் மழையும் நம் மண்ணில் இருக்கும் வாடல் நோயும் அவற்றில் இல்லை. நான் அலைந்து கேட்டு, பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன். மூன்று விஷயங்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வீட்டு மண்ணைத் தொடாதீர்கள், சட்டியை இரண்டு கட்டமாக மாற்றுங்கள், மாலையில் மாற்றுங்கள்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

விதை போட்டதிலிருந்து பெரிய சட்டிக்குப் போகும் வரை நாலைந்து வாரம். அங்கிருந்து பூ வர மூன்று, நாலு வாரம். பழம் பறிக்க, சட்டி மாற்றிய நாளிலிருந்து அறுபது முதல் எண்பது நாள். பூக்கும் நேரத்தில் அடைமழை இல்லாதபடி இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும்.

மேற்குக் கரையில் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் இரண்டும் இடிமழைக் காலம். அதனால் கார்த்திகை தீபம் ஏற்றும் வாக்கில் விதை போடுவது எனக்குப் பிடித்த கணக்கு. பொங்கலையொட்டி நாற்று பெரிய சட்டிக்குப் போகும். தைப்பூசம் வாக்கில் பூ வரும். அந்த மாதங்களில் இரவும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். தக்காளிக்கு அது ரொம்ப முக்கியம். பகல் 32 பாகைக்கு மேலும் இரவு 24 பாகைக்கு மேலும் போனால் பல ரகங்களில் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். அதைத் தவறவிட்டால் மே கடைசியில் போட்டு, ஜூலையில் மாற்றலாம்.

2. விதையும் அதன் தாளும்

பாக்கெட்டில் ‘தானா ரெண்டா’, அதாவது தாழ்நிலத்துக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முதல் தடவையாக வளர்ப்பவர்கள் செர்ரித் தக்காளி எடுங்கள். பெரிய பழ ரகங்களைவிட அது வெயிலைத் தாங்கிக் காய்க்கும்.

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் அங்கே காய்த்துத் தொங்கும் தக்காளிச் சட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வருவார்கள். அங்கே இருக்கும் தானா ராத்தா ஊர் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் வளர்ந்த செடி இங்கே இறங்கினால் சுருண்டுவிடும். சமையலறைத் தக்காளியைப் பிழிந்து விதை எடுப்பதும் இதே கதைதான். கடையில் வரும் பழம் பெரும்பாலும் மலைக்கான கலப்பின ரகம். விதை முளைக்கும், ஆனால் தாயைப் போல் காய்க்கும் என்று நம்ப முடியாது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் ‘நாட்டுத் தக்காளி விதை கொஞ்சம் எடுத்து வாங்க’ என்று சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டு விதை உள்ளே வர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இதைக் கவனிப்பது ‘மாகிஸ்’ எனப்படும் தனிமைப்படுத்தல், ஆய்வுச் சேவைத் துறை. சட்டம் 2011-இல் வந்தது. தாள் இல்லாத விதையை விமான நிலையத்தில் பறிமுதல் செய்யலாம், வழக்கும் வரலாம். வயதான சித்தியையோ மாமாவையோ நாலு விதைக்காக அந்த நிலையில் நிறுத்த வேண்டாம். உள்ளூர்க் கடையில் மூன்று, நாலு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விதை கிடைக்கிறது.

விதை பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். காலாவதி நாள், ரகத்தின் பெயர், எந்த நோயைத் தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் பின்பக்கத்திலேயே விதைத்த தேதி, மாற்றிய தேதி, முதல் உரம் போட்ட தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். செடிக்கு நோய் வந்து விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

வாடகை வீடு, அடுக்குமாடி என்றால் வீட்டுக்காரரிடமோ நிர்வாகக் குழுவிடமோ முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஈரமான பெரிய சட்டி எட்டு, பத்து கிலோ இருக்கும். அதைக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏற்றுவது ஆபத்து. வேலிக்கு வெளியே இருக்கும் புல்தரை நம்முடையது இல்லை, நகராண்மைக் கழகத்துடையது.

3. சாமான்களும் செலவும்

ஐந்து செடிக்கு எங்கள் பக்கத்து விலையில் ஏறக்குறைய 45 முதல் 60 வெள்ளி ஆகும். பாலிபேக் (செடி வைக்கும் பிளாஸ்டிக் பை, இதுதான் நம் பெரிய சட்டி) ஐந்து, ஐந்து கிலோ கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டி ஒன்று, மக்கிய ஆட்டெரு இரண்டு பை, உமிக்கரி இரண்டு பை, டோலமைட் சுண்ணாம்பு ஒரு சின்னப் பொட்டலம், உரம் ஒரு கிலோ, விதை. ஊன்றுகோலுக்கு மூங்கில் குச்சி போதும். அடுத்த தடவை பாலிபேக்கும் கலவையும் மட்டும்தான் செலவு.

பாலிபேக் வாங்கும்போது ஒரு விஷயம். ‘16க்கு 16’ என்றால் பை தட்டையாகக் கிடக்கும்போது உள்ள அளவு. மண் நிரப்பினால் வாய் அகலம் பத்து அங்குலம்தான் வரும், சுமார் 15 லிட்டர் பிடிக்கும். தக்காளிக்கு அதற்குக் குறைந்து போகக் கூடாது. ‘12க்கு 12’ வாங்கினால் பன்னிரண்டு அங்குலச் சட்டி கிடைத்ததாக நினைப்போம். உண்மையில் எட்டு அங்குலத்துக்கும் குறைவு. மதியத்துக்குள் காய்ந்துவிடும், வேரும் வெந்துவிடும். வெளியே வெள்ளையும் உள்ளே கறுப்புமாக ஒரு பை வருகிறது. சில காசு கூடத்தான், ஆனால் முழு வெயில் படும் வாசலுக்கு அதுதான் சரி.

4. கலவை: இதில்தான் பாதிச் செடி பிழைக்கிறது

வீட்டுப் பின்புற மண்ணைத் தோண்டிச் சட்டியில் நிரப்பாதீர்கள். செம்பனைத் தோட்டத்து ஓரத்திலிருந்து கறுப்பு மண் அள்ளி வருவதும் வேண்டாம். காரணம் இரண்டு. நம் தாழ்நில மண்ணில் பாக்டீரியா வாடல் நோய்க் கிருமி பரவலாக இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் வேர் வழியாகத் தாக்கும், ஒரு தடவை ஏறிவிட்டால் மருந்து கிடையாது. இரண்டாவது, செம்பனை மர நிரை ஓரங்களில் களைக்கு மருந்து அடித்திருப்பார்கள். எப்போது, எதை அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

என் கலவை இது: கோகோபீட் இரண்டு பங்கு, மக்கிய ஆட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. பை ஒன்றுக்கு ஒரு மேசைக் கரண்டி டோலமைட்.

கோகோபீட்டைப் பெரிய வாளியில் ஊற வையுங்கள். ஐந்து கிலோ கட்டி அறுபது லிட்டருக்கு மேல் உப்பும். அதனால் மொத்தமாக ஊற வைக்காமல் தேவைக்கு உடைத்துக்கொள்ளுங்கள். ஊறிய தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இறங்கும். அதைக் கொட்டிவிட்டு, மறுபடி ஊற்றிப் பிழியுங்கள். நிறம் வெளுக்கும் வரை இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டும். தென்னை நாரில் உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் இலை ஓரம் கருகும்.

ஆட்டெருவில் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ மூத்திர வாடை அடித்தாலோ இன்னும் மக்கவில்லை, வேரைச் சுட்டுவிடும். உருண்டை விரலில் நசுங்கிப் பொடியாக வேண்டும், மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். கோழி எரு இன்னும் காரம், புதியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

கலந்த பிறகு ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உடைய வேண்டும். தண்ணீர் சொட்டினால் உமிக்கரியைக் கூட்டுங்கள். நாற்றை மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே கலந்து, நனைத்து, நிழலில் மூடி வைப்பது நல்லது.

5. முதல் மாற்றம்: சின்னக் குவளைக்கு

நேராகப் பெரிய சட்டிக்குத் தாவாதீர்கள். சின்ன வேரைச் சுற்றிப் பதினைந்து லிட்டர் ஈரம் நின்றால், நம் மழைக்கு அது காயவே காயாது. தண்டு அடியில் கறுத்து அழுகிவிடும்.

முதலில் வரும் இரண்டு நீள இலைகள் வித்திலைகள், அவை கணக்கில் சேராது. அதற்குப் பிறகு, ஓரம் வெட்டுப்பட்ட நிஜ இலை ஒரு ஜோடி வந்ததும் மாற்றலாம். விதை போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும். தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) குடித்த பிளாஸ்டிக் குவளை போதும். அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, வெளியே செய்தித்தாளைச் சுற்றிவிடுங்கள். வேருக்கு வெளிச்சம் ஆகாது, ஆனால் தாளை விலக்கி வேர் எங்கே வந்திருக்கிறது என்று பார்க்கலாம். இதனால்தான் எனக்கு இந்தக் குவளைகள் பிடிக்கும்.

நாற்றைத் தூக்கும்போது வித்திலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும். தண்டு நசுங்கினால் செடி போச்சு. ஐஸ்கிரீம் குச்சியை அடியில் விட்டு நெம்பி, வித்திலைக்குக் கீழ் வரை புதைத்துவிடுங்கள்.

கடையிலோ பாசார் மாலாமிலோ (இரவுச் சந்தையிலோ) நாற்று வாங்குகிறவர்கள் சட்டியின் அடியைப் பாருங்கள். வேர் வெளியே வந்து பழுப்பாகச் சுருண்டிருந்தால் வேண்டாம். உயரமாக, பூவோடு நிற்பதைவிடக் குட்டையாகத் தடித்த தண்டோடு நிற்பதே நல்ல நாற்று. பூ இருந்தால் மாற்றும் அன்று கிள்ளிவிடுங்கள். முதலில் வேர் ஓடட்டும்.

6. வெயிலுக்குப் பழக்குங்கள்

நிஜ இலை நாலிலிருந்து ஆறு வந்ததும், உயரம் அரை அடியை எட்டியதும் நாற்று தயார். மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து காலை வெயிலில் வையுங்கள்: முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். போர்ட்டிகோ நிழலிலேயே வளர்ந்த நாற்றை ஒரே நாளில் பத்து மணி வெயிலுக்குத் தள்ளினால் இலை வெள்ளைத் திட்டாகக் கருகும்.

7. பெரிய சட்டிக்கு

மாலை ஐந்தரைக்கு மேல், அல்லது நாள் முழுக்க மப்பாக இருக்கும் நாள். காலையில் மாற்றினால், வேர் இன்னும் மண்ணைப் பிடிக்காத நிலையில் மதிய வெயிலைத் தாங்க வேண்டியிருக்கும். மாலையில் மாற்றினால் ஒரு முழு இரவு ஓய்வு கிடைக்கிறது.

இரண்டு மணி நேரம் முன்பே குவளைக்குத் தண்ணீர் விடுங்கள். பையின் வாயை இரண்டு மடிப்பு வெளியே மடித்து, பாதி வரை கலவையைப் போடுங்கள். அடியில் கல், ஓட்டுச்சில்லு போட வேண்டியதில்லை. ஓட்டைகள் அடைபடாமல் இருந்தால் போதும். மூங்கில் குச்சியை இப்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் வேரைக் குத்துவீர்கள்.

அடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே நாலு இலை மட்டும் விடுங்கள். குவளையைக் கவிழ்த்து, தண்டு இரண்டு விரலுக்கு நடுவில் வரும்படி பிடித்து, அடியில் தட்டினால் மண்கட்டி முழுதாக இறங்கும். இழுக்காதீர்கள். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அடிப்பக்கத்தை மட்டும் விரலால் லேசாக அவிழ்த்துவிடுங்கள். தண்டில் பாதிக்கு மேல் புதையும்படி ஆழமாக வைத்து, மீதமுள்ள முதல் இலைக்குச் சற்றுக் கீழ் வரை கலவையை நிரப்புங்கள். மண்ணுக்குள் போன தண்டிலிருந்து புது வேர் கிளம்பும். தண்டில் முடி மாதிரியும் சின்னச் சின்னப் புடைப்பு மாதிரியும் தெரிகிறதே, அந்தப் புடைப்புகள்தான் வேராக மாறும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இப்படிச் செய்யாதீர்கள்.

தக்காளியை ஆழமாகப் புதைப்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வாடல் நோய்க்குப் பயந்து கத்தரி வேரில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்று வாங்கியிருந்தால், ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். ஒட்டைப் புதைத்தால் மேலே இருக்கும் தக்காளித் தண்டு தன் சொந்த வேரை மண்ணில் இறக்கிவிடும். கூடுதல் காசு கொடுத்து வாங்கியதற்குப் பலனே இல்லை.

மேலே இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள். கையால் மெதுவாக அணைத்துவிட்டு, அடியில் வழியும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்டைக் குச்சியோடு தளர்வாக எட்டுப் போட்டுக் கட்டுங்கள். மேலே காய்ந்த லாலான் புல்லையோ சருகையோ பரப்பினால் மழைத்துளி தெறிக்காது, ஈரமும் நிற்கும். பூத்து விதை வந்த லாலானாக இருக்கக் கூடாது.

8. முதல் பத்து நாள்

மூன்று, நாலு நாள் பிரகாசமான நிழல். பிறகு காலை வெயில் மட்டும். ஒரு வாரத்துக்குப் பின் முழு இடத்துக்கு நகர்த்துங்கள். கிழக்கு பார்த்த வாசல்தான் நம் ஊருக்கு ஏற்ற இடம். மதியம் இரண்டு மணி வெயிலைச் சுவர் மறைத்துக்கொள்ளும். மேற்கு வாசல் என்றால் பாதி நிழல் தரும் வலை கட்டுங்கள். பிற்பகல் மழை நேராக விழாத கூரை ஓரம் கிடைத்தால் விடாதீர்கள்.

தண்ணீர் காலையில். விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பாருங்கள்; ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என்று விட்டால் பிறகு காயின் அடி கறுத்து அழுகும். சுண்ணாம்புச் சத்து மண்ணில் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் உடனே சரியாகும் என்பார்கள்; ஓடு மக்கவே பல மாதம் ஆகும். தண்ணீரை ஒழுங்காக விடுவதுதான் மருந்து.

சட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். நின்ற தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்து புழுவைக் கண்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் எழுதுவார்கள். அபராதத்தைவிட, வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். இரண்டு செங்கல் மேல் பையைத் தூக்கி வையுங்கள்.

9. வாடினால் பயப்பட வேண்டுமா?

முதல் வாரத்தில் மதியம் இலை தொங்கி, மாலை நிமிர்ந்தால் சாதாரணம்தான். தண்ணீரைக் கொட்டாதீர்கள், நிழலைக் கூட்டுங்கள்.

மண் ஈரமாக இருக்கும்போதே, இலை பச்சையாக இருக்கும்போதே, செடி நாளுக்கு நாள் அதிகமாகத் தொங்கி மாலையிலும் நிமிரவில்லை என்றால் வாடல் நோயாக இருக்கலாம். அடித்தண்டை நறுக்கி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுனை மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி வெள்ளை நூல் கீழே இறங்கினால் நோய் உறுதி. செடியையும் கலவையையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். எருக்குழியில் போடக் கூடாது. கத்தி, கரண்டி, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.

10. உரம்

மாற்றியதிலிருந்து பத்து நாள் எதுவும் போடாதீர்கள். புதுக் கொழுந்து விட்டதும் பச்சை உரம், அதாவது 15-15-15, பைக்கு ஒரு தேக்கரண்டி. தண்டிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வட்டமாகத் தூவித் தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். பூ வந்ததும் நீல உரத்துக்கு, 12-12-17-2க்கு, மாறிவிடுங்கள். பச்சை உரத்தையே தொடர்ந்தால் செடி தழைக்கும், காய் குறையும்.

தோட்டத்தில் வேலை செய்யும் தெரிந்தவர் செம்பனை உரம் கொஞ்சம் தருவதாகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். அது பெரிய மரத்துக்குக் கிலோக் கணக்கில் போடுவது. பதினைந்து லிட்டர் பையில் ஒரு பிடி விழுந்தாலே வேர் கருகும். தோட்டத்துச் சொத்தை வெளியே எடுத்தால் அவர் வேலைக்கும் கேடு.

11. பூ வந்த பிறகு

போர்ட்டிகோவுக்குள் காற்று குறைவு. காலை எட்டிலிருந்து பத்துக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் கிளம்பும் பக்கக் கிளையை, கொடியாக ஓடும் ரகமென்றால் கிள்ளலாம். குட்டை ரகத்தில் கிள்ளினால் விளைச்சல் போய்விடும். எந்த ரகம் என்று பாக்கெட்டில் இருக்கும்.

பறித்து முடிந்ததும் அதே கலவையில் மறுபடி தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்காதீர்கள். நோயில்லாமல் முடிந்த கலவை என்றால், இரண்டு பிடி எரு சேர்த்து வெண்டைக்கோ பயற்றங்காய்க்கோ கொடுத்துவிடலாம்.